பூனையின் மகள்

மகளுக்குக் கருப்புக் கண். சுண்ணாம்புச் சூளையை ஒட்டிய வரிசை வீடுகளில், பெரியவர்களில் இது தெரியாத ஒரே ஆள் அவளுடைய அப்பன்தான். அவனுக்குப் பார்வை கிடையாது.

சூளையில் அவன் பெயர் பூனை. தேன் நிறத்தில் வெளிறிய கண் அவனுக்கு. வெயிலில் பச்சை ஓடும். அவன் அப்பனுக்கும் அதே கண். அந்த ஆள் எழுதி வைத்துப் போன சொத்து அது ஒன்றுதான் என்று சொல்லிச் சிரிப்பான். தலைமுடியை வைத்துச் சூளைக்காரர்களை அடையாளம் சொல்ல முடியாது. சுண்ணாம்பு பட்டுப் பட்டு எல்லார் தலையும் செம்பட்டைதான். பிறந்தபோது என்ன நிறம் என்று பெற்றவளுக்கே மறந்துவிடும். கண் மட்டும் நிறம் மாறாது, இருக்கிறவரை.

அவன் கண் போனது தொட்டியில். சுட்ட கல்லைத் தண்ணீரில் கொட்டினால் கொதித்துக் குமுறிக் கரையும். அதைக் கிளறுவது அவன் வேலை. தண்ணீர் சுமப்பது அவன் மனைவியின் வேலை. வயிற்றில் பிள்ளையோடு, மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு அவள் வந்தாள். "மெதுவா வா புள்ள, வழுக்கும்" என்று அவள் பக்கம் திரும்பினான். அந்த நொடியில் தொட்டியடியில் கிடந்த பெரிய கல் ஒன்று வெடித்து, கொதிக்கிற சுண்ணாம்பு அவன் முகத்தில் அடித்தது.

குடம் நிறையத் தண்ணீர். சாய்க்கப் போனாள். "தண்ணி ஊத்தாத, வெந்துரும்" என்று மேஸ்திரி அவள் கையைப் பிடித்தார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு எப்படிக் கொதிக்கும் என்று தினமும் பார்க்கிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? கையில் தடவிக்கொள்ள வைத்திருந்த எண்ணெயைக் கண்ணில் விட்டார்கள்.

"உடனே தண்ணி விட்டுக் கழுவலையா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் கேட்டார். "நல்லா கழுவியிருந்தா ஒரு கண்ணாச்சும் மிஞ்சியிருக்கும்."

கட்டிலில் கிடந்தவன் காதிலும் அது விழுந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

பிள்ளை பிறந்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "கண்ணு?"

அவள் பார்த்தாள். சாம்பல் கலந்து வெளிறித்தான் இருந்தது. "உன் கண்ணுதான்யா" என்றாள். அது பொய்யில்லை. அவன் அழுகிறான் என்பதைத் தோள் குலுங்குவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவன் வெளியே போன பிறகு நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: "சில புள்ளைங்களுக்குப் பொறந்தப்ப இப்படி வெளிறித்தான்மா இருக்கும். நெறம் ஊற மாசக்கணக்காகும். அதுக்குள்ள ஏன் சொன்ன?"

ஊறியது. பல் முளைக்கிற சமயத்தில் அவளுடைய கண்ணைப் போலவே கருகருவென்று ஆகிவிட்டது. தடுப்பூசிக்குப் போனபோது, இதற்கு மருந்து ஏதும் உண்டா என்று அதே நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை.

"அப்பாகிட்டயிருந்து பாதி, அம்மாகிட்டயிருந்து பாதி வரும். ரெண்டுல ஒண்ணு கருப்புன்னா பெரும்பாலும் அதுதான் மேல தெரியும். அவரோடது எங்கயும் போயிடல, உள்ள கெடக்கு. நாளைக்கு இவ பெத்துக்கறதுக்கு வந்தாலும் வரும்."

இதை அவனிடம் யார் சொல்வது? அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சூளைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். கோணி ஊசியில் சணல் கோத்துக் கொடுப்பது மகள். வாங்கும்போதெல்லாம் கட்டைவிரலால் அவள் இமையைத் தடவி, "வெயில்ல போய் நில்லு, பச்சை தெரியுதான்னு அக்காவக் கேளு" என்பான்.

பக்கத்து வீட்டுக்காரி சட்டி கழுவிக்கொண்டே, "தெரியுது, தெரியுது. எங்க வீட்டுப் பால உருட்டாம இருந்தா சரி" என்பாள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஆனாலும் வரிசை மொத்தமும் அந்தப் பொய்யைக் காப்பாற்றியது.

பள்ளிக்கூடத்தில் போட்ட வருஷம், அவரவர் முகத்தை வரையச் சொன்னார்கள். மகள் சாயங்காலம் வந்து பையைக்கூட இறக்காமல் அவன் முன்னால் நின்றாள்.

"அப்பா, என் கண்ணு கருப்பாம்."

"எவன் சொன்னான்?"

"நான் தேன் கலர் அடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் கண்ணாடி குடுத்துப் பாக்கச் சொன்னாங்க. கருப்புதான்பா. நல்லா கருப்பு."

சாக்கில் இறங்கிய ஊசி அப்படியே நின்றது. "சரி, போய் மூஞ்சி கழுவு" என்றான்.

மனைவி சூளையிலிருந்து திரும்பி, முகத்துத் துணியை அவிழ்க்கும் முன்பே கேட்டான். "எப்ப மாறிச்சு?"

எதைக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. "பல்லு மொளைக்கறப்ப."

"வரிசைக்கே தெரியும்?"

"தெரியும்."

"நல்லா இருக்கு. குருடன் வீட்டு நாடகத்துக்கு டிக்கெட் கூட வேணாம்."

நர்ஸ் சொன்னதை அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். போய்விடவில்லை, உள்ளே கிடக்கிறது, இவள் பிள்ளைக்கு வரலாம் என்று.

"வரட்டும். நான் பாக்கவா போறேன்? அன்னைக்கும் நீங்க சொல்றதத்தான நான் கேட்டுக்கணும்."

இத்தனை வருஷமாக அவன் தலைக்குள் ஒரு பெண் வளர்ந்திருந்தாள், அவன் கண்ணோடு, அவன் அப்பன் கண்ணோடு. அவளைப் பறிகொடுத்தவன் மாதிரி, தைக்காத சாக்கை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மகள்தான் பக்கத்தில் வந்தாள். "அப்ப நான் யாரு மாதிரிப்பா?"

கையை நீட்டினான். வழக்கமாக இமைக்குப் போகிற விரல், பாதியில் தயங்கி அவள் தலையில் இறங்கியது.

"உங்கம்மா மாதிரி."

"அம்மா கண்ணு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. மூஞ்சி பூரா துணி. கண்ணு மட்டும் வெளிய இருக்கும். இடுப்புல குடம்." கொஞ்சம் நிறுத்தினான். "நான் கடைசியா பாத்தது அதத்தான்."

அவன் குரல் உயரவில்லை. திட்டவும் இல்லை. துணியை அவிழ்க்கத் தூக்கிய மனைவியின் கை, பிடரி முடிச்சிலேயே நின்றுவிட்டது. மகள் சணல் கோத்த ஊசியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் சாக்கின் விளிம்பை விரலால் தேடத் தொடங்கினான்.