லேடீஸ் சீட்டில் நஷ்டம்

1993ஆம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஷிஃப்ட் பஸ் ஏறி லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தது நஷ்டம். சாம்பல் நிற சஃபாரி சூட், நல்ல தொந்தி, கையில் டிபன் டப்பாகூடக் கிடையாது. இந்த ரூட் முழுக்க நஷ்டம், ஏறுகிறவர்கள் சர்க்கார் மானியத்தைத் தின்கிறார்கள் என்று முந்தின நாள்தான் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்திருந்தது. அதனால் பார்த்ததும் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தமிழிலும் கன்னடத்திலும் அதற்கு ஒரே பேர், யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர் முனிராஜ் டிக்கெட் கேட்டுப் பார்த்தார். நஷ்டம் எங்கே டிக்கெட் வாங்கும்? அவரும் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அது பிடித்தது ருக்கு வழக்கமாக உட்காரும் சீட்டை. ருக்குவுக்கு பொம்மசந்திரா மருந்து ஃபேக்டரியில் மாத்திரை அட்டைகளை டப்பாவில் அடுக்கும் வேலை, நாள் முழுக்க பெல்ட் முன்னால் நின்றபடி. உட்கார்ந்தால் கை மந்தமாகிவிடும் என்று சூப்பர்வைசர் ஸ்டூல்களை எல்லாம் எடுத்துவிட்டான், கட்டையில போறவன். அவள் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. காலுக்கு ஓய்வு கொடு, இல்லை வேலையை விடு என்றார் டாக்டர். வேலையை விட்டால் அடுப்பில் பூனைதான் தூங்கும். ஆக அவளுக்கு மிஞ்சியிருந்த ஓய்வு, போகும்போதும் வரும்போதும் அந்த ஒரு சீட். அதிலும் வந்து உட்கார்ந்துகொண்டது இந்த எழவு.

கட்டணத்தை ஏற்றினால் நஷ்டம் இளைக்கும் என்றார்கள். 1996ல் ஏற்றினார்கள், அது பக்கத்து சீட்டுக்கும் பரவியது. மறுபடி ஏற்றினார்கள். டிக்கெட் விலைக்குப் பயந்து பாதிப் பேர் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் ஆரம்பித்தார்கள், அது இன்னும் ஊதியது. 2000 பிறந்தபோது லேடீஸ் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சதை பிதுங்க உட்கார்ந்திருந்தது. வெளியே கார்களுக்காக ரோட்டை அகலப்படுத்தினார்கள், பாலம் கட்டினார்கள், பணத்தைத் தண்ணீராகக் கொட்டினார்கள். அதில் போன ஒரு காரிலாவது நஷ்டம் ஏறியதா என்றால் இல்லை. அங்கே கொட்டினால் அது வளர்ச்சியாம், ருக்கு ஏறினால் மட்டும் நஷ்டமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கேட்கிறவர்களுக்கே வயிறு எரிகிறது, ஏழு வருஷம் கம்பியைப் பிடித்து நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

2001ல், மானியம் தொடரலாமா வேண்டாமா என்று காக்ஸ் டவுனில் ஒரு ஹாலில் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். ருக்கு லீவு சொல்லிவிட்டு, நஷ்டத்தின் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிப்போனாள். இரண்டிலும் அது உட்கார்ந்தது, அவள் நின்றாள். கூட்டத்துக்குத் தலைவர் ஸ்ரீகண்டன், ரிடையரான பெரிய அதிகாரி, மூன்று தலைமுறையாகச் சர்க்கார் உத்தியோகக் குடும்பம். நஷ்டத்தைக் கண்டதும் அவர் எழுந்து, "வாங்கோ, இப்படி உட்காருங்கோ" என்று மேடை சோபாவைக் காட்டினார், ஃபேனை அதன் பக்கம் திருப்பச் சொன்னார். ருக்குவுக்கு நாற்காலி இல்லை, சுவரில் சாய்ந்து நின்றாள். பயணம் செய்கிறவன்தான் செலவைத் தாங்க வேண்டும் என்றார் ஒருவர். மானியம் மனுஷனைச் சோம்பேறியாக்கும் என்றார் இன்னொருவர். எல்லாரும் உட்கார்ந்தபடியேதான் பேசினார்கள்.

ருக்குவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நாங்க போய் நின்னாத்தான் ஃபேக்டரி ஓடுது. அதுல வர்ற லாபம் எந்தக் கார்ல ஏறிப் போகுதுன்னு காட்டுங்க. இவனைக் கொண்டுபோய் அதுல உக்கார வெக்கிறேன்."

"அது வேற அக்கவுன்ட்டும்மா" என்றார் ஸ்ரீகண்டன், துளிக் கோபம் இல்லாமல். மறுபடியும் கட்டணத்தை ஏற்றுவது என்று முடிவாகி, எல்லாருக்கும் காபி வந்தது.

திரும்பி வரும்போது இரண்டாவதாக ஏறிய முனிராஜின் பஸ்ஸில் நஷ்டம் முன்னைவிடப் பரந்து உட்கார்ந்தது. ருக்குவுக்குக் கால் விண்விண்ணென்று தெறித்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் காளிக்கு வந்திருந்தால் பெங்களூர் தாங்கியிருக்காது. "தள்ளுடா" என்றாள். அது தள்ளவில்லை, தள்ள இடமும் இல்லை. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் மடியிலேயே தொம்மென்று உட்கார்ந்தாள். மடி இலவம்பஞ்சு மெத்தை மாதிரி மெத்தென்று இருந்தது. நஷ்டம் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். முனிராஜ் வந்து அவளுக்கு, அதற்குள் வந்துவிட்ட புது விலையில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

மறுநாள் அவளோடு வேலை செய்யும் டோரதி இன்னொரு தொடையில் உட்கார்ந்தாள். அப்புறம் தொந்தி மேல் இரண்டு பேர், தோளில் சின்னப் பெண்கள் என்று மொத்த ஷிஃப்ட்டும் அதன் மேல்தான் வேலைக்குப் போய்வந்தது. கட்டணம் ஏற ஏற அது பெருத்தது, பெருக்கப் பெருக்க இன்னும் நாலு பேருக்கு இடம் கிடைத்தது. ருக்குவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, கோபம்தான் வடியவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஏறி, அதன் மேல் உட்காரலாமா என்று கூச்சப்பட்டு நிற்பார்கள். ருக்கு கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாள்.

"உக்காரும்மா. இவனை நம்ம பேர்லதானே எழுதியிருக்காங்க."