தூசியோடு மூட வேண்டும்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருப்பது புதிதல்ல. ஒரே சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பதுதான் வம்பு. அண்ணி டப்பாவை வடிவமைப்பவள். அது ஒழுகுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவள் நாத்தனார் சின்னு. "நாங்கல்லாம் நாத்தனார்கிட்ட வீட்டுல மட்டும்தான் பாஸாகணும், நீ இங்கயும் பாஸாகணும்" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு வாரமாகத்தான் அந்தச் சிரிப்பைக் காணோம். தன் தம்பிக்குச் சின்னுவைக் கேட்டிருந்தாள் அண்ணி. "யோசிக்கணும் அண்ணி, இப்ப வேண்டாமே" என்றாள் சின்னு. அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்செல்லாம் அண்ணன் வழியாகத்தான். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க தங்கச்சிக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பாள். "இந்தத் தபால்கார வேலைக்குச் சம்பளம் உண்டா?" என்று அண்ணன் கேட்டால் இரண்டு பக்கமும் முறைப்புதான் கிடைக்கும்.

இன்று காலை பத்து மணிக்கு அண்ணியின் டப்பாவுக்குக் கடைசிப் பரீட்சை.

காகிதத்தில் அதற்கு மாதிரிக் கலம் என்று பெயர். ஒரு விண்கல்லுக்குப் போய், அங்குள்ள மண்ணை வாங்கி மூடிக்கொண்டு பூமிக்குத் திரும்ப வேண்டும். நம் காற்று துளி உள்ளே புகுந்தாலும் அந்த மண் கெட்டுவிடும். அத்தனை தூரம் போய் வந்ததே வீண். அண்ணியின் யோசனை எளிமையானது. கலத்தின் விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்கும். மூடிக்கு அடியில் மிருதுவான உலோக வளையம் ஒன்று. மூடி அழுந்தும்போது கத்தி வளையத்துக்குள் இறங்கி, காற்றுக்கு வழியே இல்லாமல் செய்துவிடும். ஒரு வளையம் ஒரு முறைக்குத்தான் உதவும்.

தொல்லை தூசியில் இருந்தது. விண்கல்லில் விளிம்பைத் துடைத்துவிட ஆள் கிடையாது. எனவே இங்கேயும் விளிம்பின்மேல் கல்தூளைத் தூவி, தூசியோடுதான் மூடிப் பார்க்க வேண்டும். போன மாதம் அப்படி மூடியபோது டப்பா ஒழுகியது. அண்ணி கத்தியின் சரிவை மாற்றி மறுபடி செய்தாள். இன்றும் ஒழுகினால் வேறொரு குழுவின் டப்பா பறக்கும். அண்ணியின் நான்கு வருஷ உழைப்பு அலமாரிக்குப் போகும். மிச்சம் இருந்தவை இரண்டே வளையங்கள்.

அண்ணி டப்பா இருந்த கண்ணாடிக் கூண்டின் ஒரு பக்கம் நின்று, அதில் பொருத்தியிருந்த ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை நுழைத்தாள். எதிர்ப்பக்கம் சின்னு. தேர்வுக் குழுத் தலைவரும் அவருடன் வந்த இருவரும் சற்றுத் தள்ளி அளவு காட்டும் திரையின் முன்னால் நின்றார்கள். அண்ணி சிறிய சல்லடையைத் தட்டினாள். சாம்பல் நிறத் தூள் விளிம்பெங்கும் படிந்தது. வலக் கையால் விசையை அமுக்கினாள். மூடி மெல்ல இறங்கத் தொடங்கியது.

அப்போது அவளுடைய இடக் கை பக்கத்தில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்தது. விளிம்பைச் சுற்றி ஒரே வீச்சு. துணியை மடித்து ஓரமாக வைத்தது. அண்ணியின் கண்கள் மூடியை விட்டு நகரவேயில்லை.

சின்னு அண்ணியின் அந்தக் கையையே பார்த்தாள். பதினைந்து வருஷமாக எதை மூடினாலும் துடைத்துவிட்டு மூடிப் பழகிய கை அது. அவள் வாயைத் திறப்பதற்குள் மூடி அழுந்தி வளையம் நசுங்கிவிட்டது.

டப்பாவின் உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளியே ஹீலியம் வாயுவைப் பீய்ச்சினார்கள். உள்ளே எவ்வளவு புகுகிறது என்று திரை சொல்லும். ஐந்தைத் தாண்டினால் தோல்வி. பத்து நிமிஷம் கழித்தும் திரையில் இருந்தது புள்ளி இரண்டு.

"அடேயப்பா!" என்றார் தலைவர். யாரோ கைதட்டினார்கள். அண்ணியின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. சோதனைத் தாளைச் சின்னுவின் முன்னால் வைத்தார்கள்.

அவள் பேனாவைத் திறந்தாள். கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் தூசியோடு மூடினால் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாமலேயே டப்பா கிளம்பிப் போகும். சொன்னாலோ, அண்ணி அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பார்த்தது நிஜம்தானா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"சார், ரெண்டு நிமிஷம். அண்ணிகிட்ட ஒண்ணு கேக்கணும்."

அண்ணியைக் கூண்டின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள். "அண்ணி, மூடி இறங்கும்போது நீங்க விளிம்பைத் துடைச்சிட்டீங்க."

"நானா? உளறாதே."

"என் கண்ணால பார்த்தேன்."

அண்ணியின் முகம் சிவந்தது. "என் தம்பி வேண்டாம்னே, சரின்னு இருந்தேன். இப்ப என் டப்பாவும் வேண்டாமா? இதுக்குத்தான் ஒரு வாரமா காத்திருந்தியா?"

சுருக்கென்றது. எதிர்பார்த்த வார்த்தைதான். சின்னு கண்ணாடிக்குள் கிடந்த துணியைக் கை நீட்டிக் காட்டினாள். "அந்தத் துணியைப் பிரிச்சுப் பாருங்க. வெள்ளையா இருந்தா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அண்ணி கையுறைக்குள் விரல்களைத் திணித்தாள். துணியைப் பிரித்தாள். நடுவில் அரைவட்டமாக ஒரு சாம்பல் கோடு.

அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பின்னால் தலைவர் தொண்டையைச் செருமினார். அந்த இரண்டு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

"எனக்கே தெரியாம..." என்றாள் அண்ணி. கைகளை உருவிக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனாள். "சார், இந்த ரிசல்ட் செல்லாது. தூசியைத் துடைச்சிட்டேன். இன்னொரு வளையம் இருக்கு, மறுபடி செய்றோம்."

"யோசிச்சுச் சொல்லும்மா. இதுல ஒழுகினா உங்க டப்பா அவுட்."

"தெரியும் சார்."

கடைசி வளையத்தைப் பொருத்தினார்கள். துணியை வெளியே எடுத்துவிட்டார்கள். தூள் தூவியாயிற்று. விசையில் விரலை வைத்த அண்ணி திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தாள். ஒரு வாரத்தில் முதல் முறையாக நேராகவே பேசினாள்.

"சின்னு, அந்தப் பக்கம் கைய விடு. என் இடது கையப் பிடிச்சுக்க."

சின்னு தன் பக்கத்துக் கையுறைகளுக்குள் கைகளை விட்டு, தடித்த ரப்பரின் மேலாக அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். மூடி இறங்கியது. பாதி வழியில் அந்தக் கை வெடுக்கென்று இழுத்தது. துணி இல்லாவிட்டால் என்ன, விரலாலேயே துடைத்திருக்கும். சின்னு விடவில்லை. மூடி அழுந்தியது.

"பார்த்தியா?" என்றாள் அண்ணி மூச்சு வாங்க. "சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது."

ஹீலியம் பீய்ச்சினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று புள்ளி ஐந்து. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு. அண்ணி சுவரோரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். "நீ பார்த்துச் சொல்லு, என்னால முடியாது."

நான்கு புள்ளி மூன்று. ஆறாவது நிமிஷம். நான்கு புள்ளி நான்கு. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது நிமிஷம். எண் அங்கேயே நின்றது. பத்து முடிந்ததும் சின்னு இன்னொரு நிமிஷமும் பார்த்தாள்.

"நாலு புள்ளி நாலு, அண்ணி. பாஸ்."

அண்ணி திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. தலைவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "முதல்ல வந்த நம்பர் எவ்வளவு அழகா இருந்துச்சு!" என்று உச்சுக்கொட்டினார்.

சின்னு தாளில் எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த அண்ணி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுத்து இது, கோழி கிளறின மாதிரி? உங்க அண்ணன் எழுத்தே தேவலை."

"அப்படியா? அப்ப அவரையே வந்து ஒழுகுதான்னு பார்க்கச் சொல்லுங்க" என்றாள் சின்னு.