வீட்டில் இல்லாதவர்களின் வானொலி

"நாப்பது வயசுக்கு மேல ராக் பாட்டு கேக்க இந்த ஊர்ல ஆளே இல்லை" என்று வழக்கறிஞர் கார்மைக்கேல் சொன்னபோது வெர்னாவுக்குக் காது மடல் சூடேறியது.

துறைமுகத்தைப் பார்த்த ஓட்டல் கூடத்தில் உரிமக் குழுவின் பொது விசாரணை நடந்துகொண்டிருந்தது. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் வானொலிக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஓர் அலைவரிசை. நடுவயதுக்காரர்களுக்கென்று ஒரு ராக் வானொலி தொடங்க அதைக் கேட்டிருந்தாள் வெர்னா. ஊரில் ஏற்கெனவே இருக்கும் வானொலிக்காக அதை எதிர்க்க வந்திருந்தார் கார்மைக்கேல். அந்த வானொலியில்தான் வெர்னா பல வருடம் காலை நிகழ்ச்சி நடத்தினாள். டொராண்டோவில் பதிவு செய்த குரலே போதும் என்று போன வருடம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று கோட்டை விட்டால் இனி வானொலி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"தொலைபேசியில வீடு வீடா விசாரிச்ச கணக்கு இது. ராக் வேணும்னு சொன்ன வீடுகளை விரல் விட்டு எண்ணிடலாம்" என்று கார்மைக்கேல் அறிக்கையை உயர்த்திக் காட்டினார்.

வெர்னா சட்டென்று எழுந்தாள்.

"நீங்க விசாரிச்ச வீடுகள்ல என் வீடும் ஒண்ணு சார். என்னையும் கூப்பிட்டாங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

"வீட்ல யாரு ராக் கேப்பாங்கன்னு ஃபோன் பண்ணின பொண்ணு கேட்டா. என் வீட்டுக்காரர்னு சொன்னேன். அவர்கிட்ட குடுங்கன்னா. ஆல்பர்ட்டாவுல எண்ணெய் வயல்ல இருக்கார், வர ரெண்டு வாரம் ஆகும்னேன். வீட்ல இல்லாதவங்களை எழுத மாட்டோம்னு சொல்லிட்டா. சரி, நானும் கேப்பேன்னு சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. விசாரிச்ச விதத்தைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சார்."

கார்மைக்கேல் பக்கத்தைப் புரட்டினார். குரல் இறங்கியது. "அழைத்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் மட்டும்..."

"இந்த ஊர்ல தெருவுக்குப் பாதி வீட்ல ஆள் விமானம் ஏறிப் போய்த்தான் சம்பாதிக்கிறாங்க. அவங்களை விட்டுட்டு எண்ணினா ஊர் எங்க சார் இருக்கு?"

குழுவின் தலைவி தெரியோ அம்மாள் லேசில் மசிபவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா ஆளே ஊர்ல இல்லாதப்ப உங்க வானொலியை யாரும்மா கேப்பாங்க?"

"அவங்க அங்க கேம்புல ஃபோன்ல கேப்பாங்க மேடம். இங்க நாங்க கேப்போம். வீட்டுக்காரர் போன மறுநாள் அவரோட டிரக்கை எடுத்துட்டுப் போய் அதே பாட்டைச் சத்தமா வைக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? பொண்டாட்டிங்கதான். ஒரே நேரத்துல ரெண்டு பேரும் ஒரே பாட்டைக் கேக்கணும். நடுவுல நம்ம ஊர்ல பனி கொட்டுது, பாலத்தை மூடியாச்சுன்னு ஒரு குரல் சொல்லணும். பதிவு பண்ணின குரலுக்கு ஜன்னல் கிடையாது மேடம்."

தெரியோ அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார். "அப்படின்னா எல்லா நாளும் காலையில உள்ளூர் ஆளே நேரடியாப் பேசணும். கிறிஸ்துமஸ் உட்பட. உரிமம் ஏழு வருஷம். இதை நிபந்தனையாவே எழுதினா ஒத்துக்குவீங்களா?"

இந்த அறையில் சொன்ன சொல்லை அப்புறம் மாற்ற முடியாது. வெர்னாவோ வசந்தத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆல்பர்ட்டாவுக்கே வந்துவிடுவதாகக் கணவன் லோர்னிடம் பாதி வாக்குக் கொடுத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, வேலைக்குப் போடும் பூட்சோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான் லோர்ன். காபிக் கோப்பைக்கு மேலே அவன் தலை மெல்ல அசைந்தது.

"ஒத்துக்கிறேன்" என்றாள் வெர்னா.

வண்டி நிறுத்துமிடத்தில் லோர்ன் அவள் பையை வாங்கிக்கொண்டான்.

"ஏழு வருஷமா! என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டேனே. நீதான் தலையாட்டின."

"காபி நல்லா இருக்கேன்னு ஆட்டினேன்."

"பொய் சொல்லாத. ஓட்டல் காபி எனக்குத் தெரியாதா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு அவள் கையைப் பிடித்து டிரக்கில் ஏற்றிவிட்டு, "நீ அங்க வரமாட்டேன்னா நான்தான் இங்க வந்து சேரணும். கப்பல் பட்டறையில ஆள் கேக்குறாங்களாம், விசாரிக்கிறேன்" என்றான், ஏதோ ரொட்டி வாங்கி வருகிறேன் என்பதைப் போல.

கோடையில் உரிமம் வந்தது, நிபந்தனையோடு. முதல் பனி விழுந்த காலையில் வெர்னா ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்து, பாலம் திறந்திருக்கிறது என்று சொன்னாள். அதன்பின் விமானத்தில் வந்து இறங்குபவர்களை, நினைவிருந்த வரையில் பெயர் சொல்லி வரவேற்றாள். தொலைபேசி ஒலித்தது.

"வணக்கம், யார் பேசுறீங்க?"

"பட்டறைக்குப் போற வழியில ஒரு நேயர்" என்றது பழகிய குரல். "பேச்சு ஜாஸ்தியா இருக்கு. பாட்டைப் போடுங்க மேடம்."