ஐந்துக்கு ஐந்து

குஞ்சம்மாளுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. பக்கத்து வீட்டு வீராயி வயலில் மூன்று நாள் குந்தியபடி வெங்காயத் தாள் அறுத்த வலி. அந்தக் கையால்தான், பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் புருஷன் சாமிதுரையின் சட்டையைப் பிடித்திருந்தாள். விட்டால் எழுந்து போய்விடுவார். நேற்று செட்டிகுளத்திலிருந்து நடந்தே போய், சிறுவாச்சூர் மெயின்ரோட்டில் லாரிக்கு முன்னால் நின்றிருந்தார்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அறுபது தாண்டியவர்களின் ஞாபகத்தைக் கவனிக்க, நர்ஸ் நர்மதா போனில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டின் மார்க் அதில் இருந்தது. திங்கட்கிழமைதோறும் போன் ஐந்து படம் காட்டும். கொஞ்சம் கழித்து அதே ஐந்தையும் தொடச் சொல்லும்.

"எட்டு மாசமா அஞ்சுக்கு அஞ்சு. திடீர்னு எப்படிம்மா இப்படி ஆகும்?"

"எங்க லிஸ்ட்லயே ஐயாதான் சார் ஃபர்ஸ்ட்," என்றாள் நர்மதா.

குஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள். "அது நான் தொட்டதுங்க."

முதல் திங்கட்கிழமை அவர் தொட்டது இரண்டுதான். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று போனைக் கட்டிலில் எறிந்தார். அந்த வாரம்தான் உடையார்பாளையத்துக்காரர்கள் மகள் மணிமொழியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பனுக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு வாய் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும். மார்க்கை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று நர்மதா சொன்னாள். ஊரில் எது மறைந்திருக்கிறது? வெங்காயக் கறை விரலால் மீதி மூன்றையும் குஞ்சம்மாளே தொட்டாள், அடுத்த வாரத்திலிருந்து ஐந்தையும். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. அப்புறமும் தொட்டாள், நிறுத்தினால் பழைய பொய் வெளியே வந்துவிடுமே.

"அப்பவே வந்திருந்தா கொஞ்ச வருசம் இழுத்துப் புடிச்சிருக்கலாம்மா," என்றார் டாக்டர். "இப்ப ரொம்பத் தூரம் போயிருச்சு."

பஸ்ஸில் சாமிதுரை அவள் காதருகே குனிந்தார். "ஏ புள்ள, மணிமொழிக்கு எப்ப மாப்ள பாக்குறது?"

"பாப்போங்க."

சிறுவாச்சூர் தாண்டியதும் மறுபடி கேட்டார்: "யாருக்கோ வேலை பாக்கி இருக்கே. யாருக்கு?"

அவள் அவர் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இவர்கள் வயலில் வீராயியும் அவள் புருஷனும் ஆளுக்கு மூன்று நாள் வெங்காயத் தாள் அறுத்தார்கள். கூலி கிடையாது, ஆளுக்கு ஆள் திருப்பிச் செய்வதுதான் வழக்கம். குஞ்சம்மாள் பங்கு கழிந்துவிட்டது. சாமிதுரை பங்கு மூன்று நாள் வேலை வீராயி வீட்டுக்கு இன்னும் பாக்கி; அதையும் இந்தக் கைதான் அறுத்துக் கழிக்க வேண்டும்.