உறுதிக்கு ஒரு கேக்

நகராட்சியின் முதியோர் பராமரிப்புப் பிரிவில் அது மன உறுதி வாரம். படபடப்பு, தூக்கமின்மை என்று சிலர் நீண்ட விடுப்பில் போன பிறகு மேலிடத்துக்கு உதித்த யோசனை. காலி இடங்களுக்கு ஆள் போடுவதைவிட ஒரு பேச்சாளரை வரவழைப்பது சுலபம். கோபன்ஹேகனிலிருந்து வந்தவர், மூங்கிலைப் போல வளையச் சொல்லிவிட்டு மத்தியான ரயிலைப் பிடித்துப் போய்விட்டார். டென்மார்க்கின் இந்த யுட்லாந்துப் பக்கம் வளைக்கக் காற்று உண்டு, மூங்கில்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை, பராமரிப்பாளர் இங்கலீஸுக்குப் பாராட்டு. விடுப்பில் போனவர்களின் வீடுகளையும் சேர்த்து அலுவலகக் காரில் சுற்றி, கிழவர்களைக் குளிப்பாட்டி, காலுறை மாட்டிவிட்டு வருபவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தூங்கித்தான் பல வாரங்களாகிவிட்டன. நேற்று ஒரு வாசலில் காரை நிறுத்தியவளுக்கு, உள்ளே இருப்பது யார் என்று நினைவு வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இனி முடியாது என்று சொல்லத்தான் காலையில் அதிகாரி பிரெபெனின் அறைக்குப் போனாள்.

"மத்தியானம் பேசலாம். உனக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கு" என்று கண்ணடித்து அனுப்பிவிட்டான்.

சந்தோஷம் பாட்டாக வந்தது. அந்த ஊரில் யாரைப் பாராட்டினாலும் பழைய மெட்டில் புதுப் பாட்டு கட்டி, ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பாடியாக வேண்டும். பாட்டுக்குரியவர் சிரித்த முகமாய் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்து போவது சாவு வீட்டில் சீட்டி அடிப்பதைவிட மோசம். பிரெபெனே எழுதியிருந்தான்:

"மழை அடிச்சாலும் இங்கலீஸ் வருவா,
பனி கொட்டினாலும் இங்கலீஸ் வருவா..."

மேசைக்கடியில் அவள் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாதேடி, காபி கொட்டுது" என்றாள் பக்கத்திலிருந்த தோரா.

"தானா ஆடுது. இன்னும் எவ்வளவு இருக்கு?"

"பின்பக்கமும் அச்சடிச்சிருக்கான், பாவி."

ஒருவழியாக முடிந்து, ஹுர்ரா போட்டார்கள். இங்கலீஸ் எழுந்தாள்.

"நன்றி. ஆனா என்னால இனிமே முடியல."

அறை சிரித்தது. ஜெயித்தவர் தோற்றதாகச் சொல்லிக்கொள்வதுதான் அங்கே மரியாதை.

"நேத்து ஒரு வீட்டு வாசல்ல நின்னுட்டு, உள்ள யாருன்னே மறந்துட்டேன்."

"எனக்கு தினமும் அப்படித்தான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நான் தமாஷ் பண்ணல."

தமாஷ் பண்ணுகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே அது. பிரெபென் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாருங்க, இதுதான் மன உறுதி! அதனாலதான் திங்கள்கிழமைலேர்ந்து வடக்குப் பகுதியையும் இவகிட்டயே ஒப்படைக்கிறோம்!"

கைதட்டல். மேசை நடுவே குட்டிக் கொடிகள் குத்திய கிரீம் கேக் இருந்தது. இங்கலீஸ் அலுவலகக் கார் சாவியை எடுத்துக் கொடிகளுக்கு நடுவே அழுத்தினாள். மெதுவாக உள்ளே போனது.

கைதட்டல் நின்றது. அழுதிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்கள்.

"இங்கலீஸ்... கேக்கை இன்னும் வெட்டவே இல்லையே" என்றான் பிரெபென்.

"நான் டாக்டர்கிட்ட போறேன். அவங்க போகலாம்னு சொன்னப்புறம்தான் வேலைக்கு வருவேன்."

"அப்போ ஏவால்ட் கிழவர் வீட்டுக்கு யார் போறது? ஜன்னல்லயே நின்னுட்டிருப்பாரே!"

அது சரியான இடத்தில் குத்தியது. அவள் கை தானாகக் கேக்கிலிருந்த சாவியை நோக்கிப் போனது. விரல் கிரீமைத் தொட்டது. தோரா அவள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"எடுத்தே, கொன்னுடுவேன்."

இங்கலீஸ் விரலை நக்கிக்கொண்டாள். "நீ போ பிரெபென். இடது காலுறையை மொதல்ல மாட்டு. இல்லாட்டி கத்துவாரு."

வெளியே பேருந்து நிறுத்தத்தில் காற்று அடித்தது. திரும்பிப் போய்ச் சாவியை வாங்கிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. அதற்குள் அந்தக் கார் குலுங்கிக் குலுங்கி வாசலைத் தாண்டி வந்தது. மழையே இல்லை, வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிரெபென் கையை உயர்த்தினான். விரல்களெல்லாம் கிரீம் வெள்ளை.

அவள் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கொட்டுவதற்குப் பக்கத்தில் காபி இல்லை. ஆடட்டும் என்று விட்டுவிட்டாள்.