இரண்டு நிலையத்துக்கும் ஒரே ஆள்

இருபத்தாறாவது நாள்வரை ஊருக்குத் தண்ணீர் வரும் என்றது கம்ப்யூட்டர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று வாரமாக இதே புரோகிராமோடு மாரடிக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

பெருந்தொற்றுக் காய்ச்சல் வந்தால் எந்த நாளில் எத்தனை பேர் படுப்பார்கள், மின்சாரம் எப்போது போகும், குழாய் எப்போது வறளும் என்று கணக்குப் போடும் புரோகிராம் அது. எழுதியது அவள்தான். அந்த அறிக்கையை வைத்துத்தான் இரண்டு நீரேற்று நிலையங்களுக்கும் நான்கு புது ஆபரேட்டர்களைப் போடுவதா வேண்டாமா என்று மேலே முடிவாகும். மேற்கு நிலையத்து ஆபரேட்டர் அவளுடைய சொந்த அண்ணன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று டாக்டர் மூன்று முறை தேதி கொடுத்தார். மாற்று ஆள் இல்லாமல் மூன்றும் போயிற்று. புது ஆள் வந்தால்தான் அவன் இரண்டு வாரம் படுக்க முடியும். ஆள் போதும் என்று தங்கையின் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டால் அவ்வளவுதான், கதை முடிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். நிலையத்துக்கு ஏழு பேர் என்று பட்டியலில் பதினாலு பேர் இருக்கும்போது உனக்கு மாற்றாக ஒருத்தர்கூடவா இல்லை?

"பதினாலா? மொத்தமே நாங்க எட்டுப் பேருதான். அதுல ஆறு பேரு ரெண்டு பக்கமும் ஓடறோம். ரெண்டு லிஸ்ட்லயும் எங்க பேருதான் இருக்கும்."

தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய புரோகிராமில் அண்ணன் மேற்கே காய்ச்சலில் படுத்திருந்தான். அதே நேரம் கிழக்கே கல்லுக்குண்டு மாதிரி நின்று வால்வு திருகிக்கொண்டிருந்தான்! இரட்டைப் பெயர்களை நீக்கி மறுபடி ஓட்டினாள். ஒன்பதாம் நாளே தண்ணீர் நின்றது. ஊர் தவிக்கப் போகிறதே என்று ஒரு மனுஷிக்குச் சந்தோஷம் வரலாமா? வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்ட அவளுடைய இயக்குநர், அதிசயமாக அன்றைக்கே அறிக்கையை மேலே அனுப்பினார். டாக்டரிடம் தேதி வாங்கும்படி அண்ணனிடம் சொன்னாள். அண்ணி ஆஸ்பத்திரிக்குப் பையே கட்டிவிட்டாள்.

நான்காம் நாள் உத்தரவு வந்தது. புதிய பணியிடங்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பரிசீலிக்கப்படும். அந்த ஆறு பேர் இல்லாமல் இரு நிலையங்களும் இயங்கா என்று ஆய்வில் உறுதியானதால், அதுவரை அவர்களுக்கு எவ்வித விடுப்பும் கிடையாது.

பாவிகள். யாரோடு போய்ச் சண்டை போடுவது? கணக்கு அவளுடையதாயிற்றே. கால்போன போக்கில் நடந்து மேற்கு நீரேற்று நிலையத்துக்கே போய்ச் சேர்ந்தாள்.

உத்தரவின் நகலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் ஒரு கையை மேஜையில் ஊன்றி, மறு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஆறு பேருல என் பேரைத்தான் முதல்ல போட்டிருக்காங்க," என்றான்.

"வலிக்குதா அண்ணா?"

"நின்னா வலிக்குது."

"அப்ப உக்காரேன்."

"உக்காந்தா மீட்டர் தெரியாது," என்று சொல்லி, பாரத்தை மறு காலுக்கு மாற்றிக்கொண்டான்.