முன்பாரம்

அக்கா புருஷன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அதே டிராக்டரில் அதே கலப்பையை மாட்டி அக்காவே உழுகிறாள் என்று கேள்விப்பட்டதும் மெக்கானிக் தம்பிக்குக் குலை நடுங்கிவிட்டது. போட்டது போட்டபடி கிடக்க, நாலு இரும்பு வெயிட்டை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

நடுங்காமல் என்ன செய்யும்? அந்த மூன்று கொழுக் கலப்பையை மாமா தலையில் கட்டியவனே அவன்தானே! "இஞ்சின் இழுக்கும் மாமா, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றான். இஞ்சின் இழுக்கத்தான் செய்தது. ஆனால் அது பழைய டிராக்டர், மூக்குப் பக்கம் கனம் போதாது. பின்னால் அவ்வளவு பெரிய கலப்பையை மாட்டினால் முன்னால் வெயிட் தொங்கவிட்டே ஆகவேண்டும். அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டான், மகா புத்திசாலி. மேடேறும்போது முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் மல்லாந்து, மாமா அடியில் நசுங்கிப் போய்விட்டார். இதுவரை அக்கா அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருந்தாலாவது தேவலை.

அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் மேடேறிக்கொண்டிருந்தாள். மூன்று கொழுவும் மண்ணுக்குள் முழுசாக இறங்கியிருந்தன. முன்சக்கரம் ஒரு விரல்கூட எழும்பவில்லை. காற்று நிறைந்த முன்டயர் இரண்டும் பாரம் தாங்கமாட்டாமல் பிதுங்கி, ஆழமாகத் தடம் பதித்தபடி போயின. முன்னால் ஒன்றுமே இல்லை, வெறும் பானெட்.

சுற்றி வந்து அடிவாரத்தில் நிறுத்தினாள்.

"வெயிட் கொண்டாந்திருக்கேன்க்கா. எறங்கு."

"வேணாம்டா. முன்னாடி அவரு உக்காந்திருக்காரு." கடைக்குப் போயிருக்கிறார் என்பதுபோல வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"பைத்தியமாக்கா உனக்கு? எறங்கு, நான் ஓட்டிக் காட்டறேன்."

"நீ ஏறாத! உன்மேல அவருக்கு இன்னும் கோவம் தீரலடா!"

கேட்டால்தானே! அவளை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து கிளட்சை விட்டான். மேடு தொடங்கியதும் டயரின் பிதுக்கம் மெல்ல வற்றியது. யாரோ எழுந்துகொண்டார்கள். முன்சக்கரம் மண்ணை விட்டது. பானெட் உயர்ந்து வானத்தை மறைத்தது. பதறிக் கிளட்சை மிதித்தான். மிதித்தும் இறங்கவில்லை, இஞ்சின் இழுக்காமலே இன்னும் பின்னால் சாய்ந்தது.

அக்கா ஓடிவந்து வெறும் பானெட்டைப் பார்த்துக் கத்தினாள். "விடுங்க! எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்! அவனையும் வாரிக்கிட்டுப் போயிட்டா நான் யார்கிட்டப் போவேன்?"

முன்சக்கரம் தொப்பென்று விழுந்தது. அவன் உருண்டு புரண்டு இறங்கி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான்க்கா... சொல்லாம விட்டுட்டேன்."

"தெரியும்டா. அன்னைக்கே தெரியும். ஸ்பானரை எடு."

நாலு வெயிட்டையும் அவனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு போல்ட்டையும் அவளே முறுக்கினாள். முறுக்கி முடித்துப் பானெட்டைத் தடவினாள். "போதுங்க. இனிமே இது பாத்துக்கும். நீங்க எறங்கிப் போங்க."

பிறகு ஏறி மேட்டின் உச்சிவரை உழுதுபோய் நிறுத்தினாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"டேய், முன்னாடி இப்ப வெறும் இரும்புதானே? நல்லாப் பாத்துச் சொல்லு!"

நன்றாகப் பார்த்தான். "இரும்புதான்க்கா."

"அப்பாடா" என்றாள். அப்புறம் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து அழுதாள். அவர் செத்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.